கட்டுரையை எந்த வழியில் அனுப்பினால் எழுத்து உடையாமல் போய்ச்சேரும்?

கிளிநொச்சியில் இருந்து எழுதினாலும் சரி, மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பில் இருந்து எழுதினாலும் சரி, நம் கட்டுரை போய்ச்சேர வேண்டிய இடம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு பத்திரிகை. இல்லையென்றால் வெளிநாட்டில் இருந்து நடத்தும் இணைய இதழ். ஆசிரியபீடத்தில் பக்கத்தில் நின்று "இந்தச் சொல் இப்படித்தான் வரவேண்டும்" என்று சொல்ல நமக்கு வழியில்லை. பைல் தனியாகத்தான் போகிறது. போகிற வழியில் எழுத்து உடைந்தாலோ பத்தி கலைந்தாலோ, அங்கே உட்கார்ந்து சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது. வன்னியில் இருந்து தொடர்ந்து எழுதுகிறவர்களே குறைவு. அவர்கள் எழுதியது எழுத்துருச் சிக்கலால் மேசையில் கிடந்து போவதை என்னால் சின்ன விஷயமாக எடுக்க முடியவில்லை.

அதனால் இங்கே புழக்கத்தில் இருக்கும் வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன். எந்த பைல் அழகாக இருக்கிறது என்று நான் பார்க்கப்போவதில்லை. ஒரு வழியில் பிழை வந்தால், அது அனுப்புவதற்கு முன்பே என் கண்ணில் படுமா, அல்லது எனக்குத் தெரியாமல் அங்கே போய்த்தான் வெளிப்படுமா? இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

பாமினியா, யூனிகோடா?

முதல் சண்டை இங்கேதான். நம் பகுதியில் கொம்யூனிக்கேசன் கடைகளில் ரைப் பண்ணக் கொடுத்தால் இன்றும் பல இடங்களில் பாமினியில்தான் அடித்துத் தருவார்கள். பழகிய கை, வேகமாக ஓடும். ஆனால் பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு. 'தமிழ்' என்று அடித்தால் பைலுக்குள் இருப்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. வேர்ட் தானாகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ் உருவம், அதே விசையின் பெரிய எழுத்துக்கு வேறொன்று. அதனால் வாக்கியத் தொடக்கத்தில் அடித்த 'தமிழ்' என்பது 'துமிழ்' ஆகிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் இப்படி ஒன்று விழுந்தால் வாசிக்கிறவர் எழுதியவருக்குத்தான் தமிழ் தெரியாது என்று நினைப்பார். பாமினியில் அடித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் வேர்ட்டின் ஓட்டோகரெக்ட் பகுதிக்குப் போய் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி வைத்திருக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 இல் இருந்து லதா எழுத்துரு கணினியோடேயே வருகிறது. இன்று எந்தப் போனிலும் திறக்கும். எழுத்துரு மாறினால் உருவம் கொஞ்சம் மாறும், சொல் மாறாது.

அப்படியிருந்தும் சில அச்சுப் பத்திரிகைகள் பாமினி கேட்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பத்திரிகைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதற்கு யூனிகோட் தெரியாது. அதே வேலைக்கான இன்டிசைனிலும் 2012இல் வந்த சிஎஸ்6 முதல்தான் நம் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் ஏற்பாடு வந்தது. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்பவருக்கு யூனிகோட் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறித்தான் நிற்கும். ஆகவே முதலில் கேளுங்கள். பாமினிதான் வேண்டும் என்றால், யூனிகோடில் எழுதி முடித்து, எழுத்துரு மாற்றும் கருவியில் (மாற்றி) போட்டு நீங்களே மாற்றி, பாமினி உள்ள கணினியில் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். இணைய முகவரி, ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அந்த எழுத்துருவில் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அவற்றைத் தேடிப்பிடித்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். யூனிகோட் பிரதியையும் கூடவே இணைத்துவிட்டால் சந்தேகம் வரும் இடத்தில் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கமாக, பழைய பாமினிக் கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று தங்கிவிடும். பாமினியில் கொம்பு முன்னால், மெய் பின்னால் என்று பார்க்கிற வரிசையில் அடிக்கிறோம். யூனிகோடில் மெய் முன்னால் வரும். சில மாற்றிகள் 'கொ'வுக்கு ஒரே குறியைப் போடாமல் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டுவிடும். பார்வைக்கு வித்தியாசமே இல்லை, ஆனால் சில இடங்களில் தேடினால் அகப்படாது. சோதிக்க எளிய வழி: கொக்கிளாய் என்ற சொல்லில் 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருதரம் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். 'க' மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் அது இரண்டு துண்டு. வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 'பௌர்ணமி' என்ற சொல்லையும் பாருங்கள். ஔகாரக் குறியின் இடத்தில் சிலவேளை கொம்பும் 'ள'வும் உட்கார்ந்திருக்கும். 'பௌ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது 'ள' மட்டும் தனியாக அழிந்தால் பிழை.

பிடிஎஃப் எதிர் வேர்ட்

பிடிஎஃப்பைப் பலர் விரும்புவது எனக்குப் புரிகிறது. நாம் பார்த்தது போலவே அங்கேயும் தெரியும். எழுத்துரு உள்ளேயே போய்விடும். ஆனால் ஆசிரியபீடத்தில் யாரும் பிடிஎஃப்பை அப்படியே அச்சிடுவதில்லை. அதிலிருந்து எழுத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் ஒட்டவேண்டும். அப்போதுதான் கட்டுரை சிதறும். கொக்குத்தொடுவாய் என்பது 'ெகாக்குத்ெதாடுவாய்' என்று வரும். முல்லைத்தீவு 'முல்ைலத்தீவு' ஆகும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் அடித்த மாதிரி வரி முறிந்துகிடக்கும். அனுப்பிய நமக்கோ திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்திருக்கும். நான் சொன்ன அளவுகோலில் தனியே அனுப்பும் பிடிஎஃப்தான் கடைசி இடம். வேர்ட் பைலோடு சேர்த்து, "இப்படித்தான் வரவேண்டும்" என்று காட்டும் மாதிரியாக அனுப்பினால் அது நல்ல துணை. கவிதையின் வரி உடைப்பு, நெல் விளைச்சல் அட்டவணை போன்றவை இருந்தால் கட்டாயம் இணைக்கச் சொல்வேன்.

வேர்ட் பைல் திருத்தக்கூடியது என்பதால் எல்லோரும் ஏற்பார்கள். அதன் குறை, உள்ளே ஒளிந்திருக்கும் குப்பை. இணையத்தில் இருந்தும் வட்ஸ்அப்பில் இருந்தும் எடுத்து ஒட்டிய துண்டுகள் தங்கள் நிறம், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். வேர்ட்டின் முகப்புப் பட்டையில் (Home) உள்ள பத்திக்குறி (¶) பொத்தானை ஒருதரம் அழுத்தினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்: பத்திக்கு நடுவே இரட்டை என்டர், முதல் வரியைத் தள்ள அடித்த ஸ்பேஸ் வரிசை, பத்தி முடிவுபோலத் தோன்றும் ஷிஃப்ட் என்டர். இந்தப் பொத்தானைப் பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சுத்தம் செய்ய, முழுவதையும் தெரிவுசெய்து கன்ட்ரோலோடு ஸ்பேஸ் அழுத்துங்கள், எழுத்தின் மேல் நீங்கள் போட்ட வடிவங்கள் கழன்றுவிடும். கன்ட்ரோலோடு கியூ அழுத்தினால் பத்தியின் வடிவமும் கழலும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் சேர்ந்து போய்விடும் என்பதால் இதை முதலில் செய்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் பிறகு போடுங்கள். அப்புறம் தலைப்பு, பெயர், படக்குறிப்பு எதையும் பக்கத் தலைப்பிலோ டெக்ஸ்ட் பொக்ஸிலோ வைக்காதீர்கள். கட்டுரையை மட்டும் தெரிவுசெய்து பிரதி எடுக்கும்போது பக்கத் தலைப்பில் இருப்பது கூட வராது. கட்டுரை போய்ப் பெயர் நின்றுவிடும்.

மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுவது

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், பலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். யூனிகோட் கட்டுரையை வடிவமில்லாமல் மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி, அதே கட்டுரையை வேர்ட் பைலாகவும் இணைத்துவிடுங்கள். கணினியில் ஜிமெயில் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பிழை இருந்தால் அனுப்பும் முன்பே திரையில் தெரியும். ஆசிரியர் பஸ்ஸில் போகும்போதும் போனிலேயே வாசித்துவிடலாம். சிக்னல் வந்து வந்து போகும் ஊர்களில் இருந்து அனுப்பவும் இதுவே இலகு, வெறும் எழுத்துக்கு டேட்டா மிகக் குறைவாகத்தான் போகும்.

ஒரே ஒரு எல்லை: ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பைக் காட்டும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். சாதாரணப் பத்திரிகைக் கட்டுரைக்குப் பயமில்லை. நீண்ட தொடருக்கு மடலோடு இணைத்த வேர்ட் பைலை நம்புங்கள்.

சிலர் நோட்பேட் பைலாக அனுப்புவார்கள். நல்ல பழக்கம், ஆனால் பழைய விண்டோஸில் சேமிக்கும்போது குறிமுறை ஆன்சி என்று இருந்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்ய வேண்டும். விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பில் இருந்து அதுவே இயல்பாகிவிட்டது.

கூகுள் டொக்ஸும் வட்ஸ்அப்பும்

கூகுள் டொக்ஸின் பெரிய பலம், ஆசிரியர் போட்ட திருத்தத்தை நாம் கண்ணால் பார்க்கலாம். எழுதப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் இணைப்பைத் திறக்க அனுமதி கொடுக்காமல் அனுப்பிவிட்டால், அங்கே "அனுமதி கேளுங்கள்" என்ற பக்கம்தான் தெரியும். நமக்கு அது திறந்துகொண்டே இருக்கும். இணைப்பு உள்ள எவரும் கருத்திடலாம் என்று மாற்றி, உங்கள் கணக்கில் இல்லாத இன்னொரு போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். முதல்தடவை எழுதும் இதழுக்கு நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். பழகிய ஆசிரியரோடு வேலை செய்ய மிக நல்லது.

வட்ஸ்அப்பில் கட்டுரையைத் துண்டு துண்டாக அடித்து அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே ஒன்றாகப் பிரதி எடுத்தால் துண்டுக்குத் துண்டு திகதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் கூட வரும். பைலாக அனுப்பினால் பிரச்சினை இல்லை.

படங்களிலும் இதே கதை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். வேர்ட்டுக்குள் ஒட்டினாலும் வேர்ட் இயல்பாகவே அங்குலத்துக்கு 220 புள்ளி அளவுக்குக் குறைத்துவிடும், அச்சுக்குப் பொதுவாகக் கேட்பது 300. நந்திக்கடலில் மாலை வெளிச்சத்தில் எடுத்த நல்ல படத்தை அப்படி வீணாக்கக்கூடாது. மூலப் படத்தைத் தனியாக இணைத்து, கட்டுரையின் முடிவில் எந்தப் படத்துக்கு எந்தக் குறிப்பு என்று பைல் பெயரோடு எழுதுங்கள். மூலம் கைதவறி, வேர்ட்டுக்குள் ஒட்டியது மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த பைலின் பிரதி ஒன்றின் பெயர் முடிவில் உள்ள '.docx' என்பதை '.zip' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே word என்ற கோப்புறைக்குள் media என்ற கோப்புறையில் படங்கள் தனித்தனியாக இருக்கும். திரையைப் படம்பிடித்து அனுப்புவதைவிட அது எவ்வளவோ தெளிவு.