உடனே பிரிண்ட் வர்ற கேமரா – 9 வயசு பொண்ணோட பினாங்கு போயிட்டு வந்து எழுதற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், போட்டோ சூப்பரா வரணும்னா இத வாங்காதீங்க, உங்க போன் இதவிட பத்து மடங்கு நல்லா எடுக்கும். பட்டன அமுக்கினா சின்னதா ஒரு கார்டு வெளிய வரும், ஒன்றரை நிமிஷத்துல மெதுவா படம் தெரியும், அவ்ளோதான். பாண்டி நேரு வீதியில ஒரு கடையில வாங்கினோம். பிராண்ட் சொல்லல, இந்த மாதிரி கேமரா எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

ஏன் வாங்கினோம்னா எங்க பொண்ண நாங்க தத்து எடுத்தது அவளுக்கு 8 வயசு முடிஞ்சப்புறம். வரும்போது அவகிட்ட இருந்த போட்டோ மொத்தம் ரெண்டு, ரெண்டுமே பாஸ்போர்ட் சைஸ். ஆனா போட்டோக்கு நிக்கறதுல அவ எக்ஸ்பர்ட். போன தூக்கினாலே கைய கட்டிக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சு அப்படியே நிப்பா. ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கு புரிஞ்சுது, அவ முன்னாடி இருந்த குழந்தைங்க ஹோமுக்கு பொறந்தநாள் கொண்டாட வர்றவங்க, சாப்பாடு போட வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, இவளுக்கு ஒண்ணு கூட கையில வந்ததில்ல. "இத யாருக்கு அனுப்புவீங்க?"ன்னு ஒரு நாள் என்கிட்டயே கேட்டா.

வெளிநாடு உடனே எல்லாம் போகல. கலெக்டர் ஆர்டர், எங்க பேர் போட்ட புது பர்த் சர்டிபிகேட், அப்புறம் பாஸ்போர்ட்னு எட்டு மாசம் ஓடிடுச்சு. நல்லதுதான், வந்த ஒரு மாசத்துலயே ஃபிளைட் ஏத்தியிருந்தா பயந்திருப்பா. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து விசா வேணாம், 30 நாள் வரைக்கும் இருக்கலாம், அதனால பினாங்கு. இன்னொரு காரணமும் இருக்கு, திருப்பாப்புலியூர்ல எங்க வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு சொந்தக்காரங்க "பொண்ண பாக்க" வந்துட்டே இருந்தாங்க, பொண்ணு பாக்க வர்ற மாதிரியே!

ஃபிலிம செக்-இன் பையில போட்டுடாதீங்க, அந்த எக்ஸ்ரேல வீணா போயிடும், கையிலயே வெச்சிருங்க. ஒரு பாக்கெட்ல 10 தான், ஒரு போட்டோவுக்கு 50 ரூபாய்க்கு மேல ஆகுது. நாங்க 5 பாக்கெட் எடுத்துட்டு போனோம், பத்தல.

மொத நாள் ராத்திரியே ஒரு கூத்து. உள்ள என்ன இருக்குன்னு பாக்க பின்பக்க மூடிய தொறந்துட்டா. ஃபிலிம் தீர்ற வரைக்கும் அத தொறக்கவே கூடாது, வெளிச்சம் பட்டா போச்சு. நான் "ஐயோ"ன்னு ஒரு சத்தம்தான் போட்டேன், திட்டக்கூட இல்ல. இவ எழுந்து போய் அவ துணியெல்லாம் எடுத்து அவ பையில அடுக்க ஆரம்பிச்சுட்டா, அழுகையும் இல்ல ஒண்ணும் இல்ல, கூடவே காலையில ஃபிளைட்ல குடுத்த ரெண்டு பன்னு, அத தலையணைக்கு அடியில வெச்சிருந்திருக்கா, அதையும் உள்ள வெச்சா. எனக்கு வாயே வரல. எங்க வீட்டுக்காரர்தான் கேமராவ எடுத்து மிச்சமிருந்தத ஒவ்வொண்ணா அமுக்கி வெளிய எடுத்தாரு. மொதல்ல வந்தது முழு வெள்ளை. அதுல பேனாவால ரெண்டு கண்ணு, பல்லு எல்லாம் வரைஞ்சு கீழ "பினாங்கு பேய்"னு எழுதி அவகிட்ட நீட்டினாரு. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தவ, "பேய்க்கு கால் இருக்காது, நீங்க கால் போட்டுட்டீங்க"ன்னா. பன்ன பத்தி நாங்க ஒண்ணும் கேக்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டோம்.

மறுநாள்ல இருந்து கேமரா அவ கழுத்துலதான். அர்மேனியன் ஸ்ட்ரீட்ல செவுத்துல அக்காவும் தம்பியும் சைக்கிள்ல போற மாதிரி 2012ல வரைஞ்ச ஓவியம் இருக்கு, சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள், அதுகூட நின்னு போட்டோ எடுக்க பெரிய க்யூ. அரை மணி நேரம் நின்னு நான் எடுத்தா அவ தலைய பாதி வெட்டிட்டேன். இந்த கேமராவுல கண்ணு வெச்சு பாக்கற எடமும் லென்ஸும் ஒரே எடத்துல இல்ல, கிட்ட நின்னு எடுத்தா இப்படித்தான் ஆகும், பழகணும்.

குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833ல கட்டினதாம். அந்த தெருவுல ஃபுல்லா தமிழ்தான். அங்க ஒரு பூக்கடை அம்மா "பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு, "பாப்பா யாரு ஜாடை, அப்பாவா அம்மாவா?"ன்னாங்க. நான் முழிச்சிட்டு நிக்கறேன், இவ கொஞ்சம் கூட யோசிக்காம "எங்க பாட்டி ஜாடை"ன்னுட்டா. அந்தம்மா அப்படியே நம்பிட்டாங்க. ஊருக்கு வந்து என் மாமியார்கிட்ட சொன்னேன், அவங்களும் நம்பிட்டாங்க.

எல்லாரும் கேக்கறது "உங்கள அம்மான்னு கூப்பிடறாளா?". கூப்பிடறா, மொத நாள்ல இருந்தே கூப்பிடறா. ஹோம்ல சமைக்கறவங்களும் அம்மா, வார்டனும் அம்மா, அவளுக்கு அது ஒரு வேலைக்கான பேரு மாதிரி. எனக்கு உண்மையா மனசு லேசானது பினாங்கு ஹில்ல நாலாவது நாள். ரயில்ல மேல ஏறிப்போனா கீழ பினாங்கோட தலைநகர் ஜார்ஜ் டவுன் மொத்தமும் தெரியும், அத எடுக்கலாம்னு நான் கேமராவ வாங்கினேன். "ஃபிலிம் ஆறுதான் இருக்கு, மலைய எல்லாம் எடுக்காதீங்க, உங்களுக்கு எடுக்கவே தெரியல, குடுங்க"ன்னு புடுங்கிட்டா. எட்டு மாசத்துல என்கிட்ட சண்டை போட்டது அதுதான் மொத தடவை.

குறைன்னு பாத்தா, ஃபிளாஷ ஆஃப் பண்ண முடியாது, ராத்திரியில மூஞ்சி வெள்ளையாவும் பின்னாடி கும்மிருட்டாவும் வரும். வெயில்ல காஞ்சா கலர் ஒரு மாதிரி செவந்து போகுது. குலுக்கினா சீக்கிரம் படம் வரும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, கெட்டுப்போகும். பேட்டரி ரெண்டு போட்டது இன்னும் ஓடுது.

பெரிய புள்ளைங்கள தத்து எடுத்தவங்களுக்கு 5க்கு 4, மத்தவங்களுக்கு 5க்கு 2. பினாங்கு போட்டோல ஒம்போது ஹோம்ல இருக்கற அவ பிரெண்ட்ஸுக்குன்னு தனியா ஒரு கவர்ல எடுத்து வெச்சிருக்கா, தத்து எடுத்தப்புறம் புள்ள எப்படி இருக்கான்னு ஃபாலோ-அப் பாக்க வர்ற மேடம்கிட்ட குடுத்து அனுப்பணுமாம். பினாங்கு பேய் மட்டும் பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு, கால ஒயிட்னர் வெச்சு அழிச்சுட்டா.