லீவு முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப முதல் வாசியுங்கள்: 18,500 ரூபாயும் பூட்டிய அறையும்

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததைப் புதன்கிழமை எழுதுகிறேன், கோபம் இன்னும் இறங்கவில்லை.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் சோலி வரும் என்கிறார் அண்ணன். பள்ளிக்கூட லீவு விட்டதும் போனில் விளம்பரம் போட்டு, மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரைப் பக்கம் ஒரு வளவை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளுக்கு நாலு நாள் 'தலைமைத்துவ முகாம்' நடத்துகிற ஆட்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 18,500 ரூபாய். முதலில் 5,000, பிறகு 13,500. என் கணவர் கட்டாரில் இருக்கிறார். இது அவர் அனுப்பிய காசுகூட இல்லை. தைத்துச் சேர்த்துச் சீட்டுக் கட்டி எடுத்த காசு.

நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. ஒபிசுக்கு நேரில் போனேன். அங்கே இருந்த ஒரு தம்பி போனில் படம் படமாகக் காட்டினார். ஆரஞ்சு நிற லைஃப் ஜக்கெட் வரிசையாகத் தொங்குகிறது, முதலுதவிப் பெட்டி, நீச்சல் தெரிந்த ஆட்கள், எல்லாம் இருந்தது. அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. நான் வாய் திறக்க முதல் அவராகவே கேட்டார்: "அக்கா, மகனுக்கு ஏதும் வருத்தம் இருக்கா?" ரியூஷன் வகுப்பிலோ கிரிக்கெட் பயிற்சியிலோ யாரும் இதுவரை கேட்காத கேள்வி. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது, புகை பட்டால் இழுக்கும் என்றேன். சிவப்புப் பேனையால் படிவத்தில் எழுதி, கீழே ரெண்டு கோடு போட்டார். உண்மையைச் சொன்னால் அந்த ரெண்டு கோட்டுக்குத்தான் நான் 18,500 ரூபாய் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை முட்டுக்கு இழுக்கிற நீலப் பம்பையும் (இன்ஹேலர்) அதில் பொருத்துகிற ஸ்பேசர் குழாயையும் ஒரு பையில் போட்டுப் பேர் எழுதிக் கொடுத்தேன். "மருந்தெல்லாம் ஒபிஸ் அறையில பத்திரமா இருக்கும் அக்கா, இவங்கட கையில குடுத்தாத் துலைச்சுப்போடுவாங்கள்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பன்னிரண்டு வயதுப் பெடியன், தண்ணிப் போத்தலையே வாரம் ஒன்று தொலைக்கிறவன். என் பங்குப் பிழை அதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இனி மகன் சொன்னது. முதல் நாளே கடலில் இறக்கியிருக்கிறார்கள். படத்தில் தொங்கிய ஜக்கெட்டில் ஒன்றுகூட வெளியே வரவில்லையாம். "ஸ்டோர் சாவி சேரிட்ட, பாசிக்குடாவில இடுப்பளவு தண்ணிதானே" என்றார்களாம். சேர் என்றால் முகாமுக்குப் பொறுப்பான ஆள். அந்தக் கடல் கனதூரம் ஆழமில்லாமல் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிள்ளை தாழ இடுப்பளவுகூடத் தேவையில்லை. நாற்பது பிள்ளைகளுக்குப் பத்தொன்பது இருபது வயதில் ரெண்டு பெடியன்கள். ஏறும்போது தலை எண்ணினார்களா என்று கேட்டேன். "எதுக்கும்மா எண்ண?" என்கிறான். அவனுக்கே அப்படி ஒரு வழக்கம் இருப்பது தெரியவில்லை.

இரண்டாம் நாள் இரவு நெருப்பு மூட்டி ஆடல் பாடல். நுளம்புக்கென்று அதற்குள் பச்சை வேப்பிலையை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். புகை வளவு முழுக்கக் கட்டி நின்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மகனுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. பம்பைக் கேட்டிருக்கிறான். ஒபிஸ் அறை பூட்டு. சாவி சேரிடம். சேர் மட்டக்களப்பு டவுனுக்குப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை.

அந்த ரெண்டு பெடியன்களும் செய்தது என்ன தெரியுமா? மகனைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, சுற்றி நின்று விசிறி, சுடுதண்ணி பருக்கியிருக்கிறார்கள். முட்டு இழுக்கிற பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து இருக்க விட வேண்டும். எங்கள் வீட்டில் என் சின்ன மகளுக்கே தெரியும். 1990 நம்பருக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று ஒருவன் சொல்ல, மற்றவன் "அம்புலன்ஸ் வந்தா முகாமுக்குப் பேர் கெட்டுப்போகும், சேர் ஏசுவார்" என்று தடுத்திருக்கிறான். இலவசமாக ஓடுகிற வண்டி. அவர்கள் கையில் இருந்து பத்துச் சதமும் போயிருக்காது.

காப்பாற்றியது சமையலுக்கு வந்த ஒரு அம்மா. "மனே, படுக்காத, எழும்பி இரி" என்று தூக்கி இருத்தி, தன் மருமகனின் ஓட்டோவைக் கூப்பிட்டு வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எனக்குப் போன் அடித்ததும் அவர்தான், மகனுக்கு என் நம்பர் பாடம் என்பதால். நம்பர் எழுதிய படிவம் எங்கே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனின் வானில் ஏறாவூர், செங்கலடி, கிரான் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டியது எனக்கு ஒரு வருடம் போல இருந்தது. நான் போய்ச் சேர மகன் நெபுலைசர் மாஸ்க்கோடு கட்டிலில் நிமிர்ந்து இருந்தான். இப்போது நல்லாயிருக்கிறான். டொக்டர் மிஸ் என்னைத்தான் ஏசினார்: நீலப் பம்ப் எப்போதும் பிள்ளையின் பொக்கெற்றில் இருக்க வேண்டும், பூட்டி வைக்கிற மருந்தில்லை அது.

மறுகா தொடங்கியது அலைக்கழிப்பு. சனிக்கிழமை, "சேர் முகாமில பிசி." ஞாயிற்றுக்கிழமை, "சேர் கொழும்புக்குப் போறார்." திங்கட்கிழமை அந்தச் சிவப்புப் பேனைத் தம்பியே எடுத்தார். குரலில் அக்கா போய் 'மேடம்' வந்துவிட்டது. "ரெண்டு நாள் தங்கிச் சாப்பிட்டவர்தானே மேடம், பங்குபற்றினாத் திருப்பித் தர ஏலாது." சரி, மிச்ச ரெண்டு நாள் காசு? "அது சாப்பாட்டுக்கு முற்கூட்டியே குடுத்தாச்சு." பிறகு சொன்னார் பாருங்கள், "வருத்தம் இருக்கென்று நீங்க எழுதித் தரேல்லையே." எழுதியது அவர் கை! படிவமும் அவரிடமே இருக்கிறது, என்னிடம் கொப்பி இல்லை. செவ்வாய்க்கிழமை வட்ஸ்அப்பில் அவர் படம் காணாமல் போய்விட்டது. தடுத்துவிட்டார். பம்பும் ஸ்பேசரும்கூட இன்னும் அந்த அறைக்குள்தான். புதிதாக வாங்கினேன்.

18,500 ரூபாய். பாவாடை சட்டைக் கணக்கில் எத்தனை இரவு என்று எனக்குத் தெரியும்.

நிறைய அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது எதுவும் ஓடவில்லை. படத்தைப் பார்க்காதீர்கள், சாவி யாரிடம், அவர் இரவில் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். பம்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். படிவத்தை அங்கேயே போனில் படம் எடுங்கள். உங்கள் நம்பரையும் 1990ஐயும் பிள்ளைக்குப் பாடமாக்குங்கள். கடலோரம் என்றால், கடல் ஏறினால் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊரில் நான் இதைக் கேட்காமல் வந்தேனே என்று நினைக்க எனக்கே வெட்கம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 நம்பருக்கு நாளை அடிக்கப்போகிறேன். பிள்ளைகள் விஷயம் என்பதால் சிறுவர் உதவி நம்பர் 1929க்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய விளம்பரம் திரும்பவும் என் போனில் வந்தது. டிசம்பர் லீவுக்குக் கடற்கரை முகாம், இப்போதே பதிந்தால் கழிவாம். டிசம்பர் மாதம், மாரி மழைக்குள், மட்டக்களப்புக் கடலில்! மேலே அதே ஆரஞ்சு ஜக்கெட் படம்.