புல்வெளியில் கேபிள் புதைக்க எந்தக் கருவி: மண்வாரியா, விளிம்பு வெட்டியா, அதிர்வுக் கலப்பையா?

வீட்டுப் புல்வெளிக்கு அடியில் கேபிள் புதைக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவி விரைவாகத் தோண்டும் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். விரல் பருமன்கூட இல்லாத கேபிளுக்காக மண்ணைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மண்ணைக் கீறி, விலக்கி, கேபிளை உள்ளே விட்டு, மறுபடியும் மூடினால் போதும். ஆகவே இங்கு வரும் கருவிகளை மண்ணைப் பிளப்பவை, மண்ணை அள்ளுபவை என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு என்பது என் கருத்து.

முதலில் ஆழத்தை வரையறுத்துக்கொள்ள வேண்டும். தானியங்கிப் புல்வெட்டி எதுவரை ஓடலாம் என்று அதற்கு உணர்த்தும் எல்லைக் கம்பிக்கும், வளர்ப்பு நாய் எல்லை தாண்டாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத வேலியின் கம்பிக்கும் இரண்டு முதல் ஏழு சென்டிமீட்டர் போதும். தோட்ட விளக்குகளுக்கான 12 வோல்ட் கேபிள், இணைய இணைப்புக்கான கோஆக்சியல் அல்லது ஃபைபர் கேபிள் ஆகியவற்றுக்கு 15 சென்டிமீட்டர் அளவு பொருத்தமானது. வீட்டு மின் அழுத்தத்தில் இயங்கும் மின்கேபிள் இந்த அலசலுக்குள் வராது. அதற்குரிய ஆழமும் பாதுகாப்பு விதிகளும் வேறு, அதற்கான கருவிகளும் வேறு. புல்வெளிக்குக் காற்றோட்டம் தரும் துளையிடும் இயந்திரத்தின் பற்கள் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரை இறங்கும் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். அந்த இயந்திரத்தை ஆண்டுதோறும் ஓட்டும் வீட்டில் நான்கு விரற்கடை ஆழத்தில் கேபிளைப் போட்டால், அதை என்றாவது அறுத்துக்கொள்வது உறுதி.

கருவிகளில் எளியது தட்டையான, நேரான அலகுள்ள மண்வாரி. அதைச் செங்குத்தாக நிறுத்தி, காலால் மிதித்து இறக்கி, கைப்பிடியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் ஒரு பிளவு திறக்கும். மண் வெளியே வராது. 20 சென்டிமீட்டர் அகல அலகாக இருந்தால் 30 மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 150 மிதிகள் ஆகும். கேட்கும்போது பெரிதாகத் தோன்றினாலும், முந்தைய நாள் நன்றாக நீர் பாய்ச்சிய மண்ணில் இது ஓரிரு மணி நேர வேலைதான். பிறை வடிவ விளிம்பு வெட்டி இதைவிடச் சுத்தமாகக் கீறும், ஆனால் ஆழம் குறைவு. எல்லைக் கம்பிக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். மண்வாரியின் உண்மையான குறை வேகத்தில் இல்லை, ஆழம் சீராக இராததில் இருக்கிறது. களைப்பு ஏற ஏற அலகு இறங்கும் அளவு குறையும். வேர் குறுக்கிட்ட இடத்தில் கேபிள் மேலெழும்பிவிடும். அலகில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வண்ணக்கோடு போட்டுக்கொள்வதும், நுனியில் பள்ளம் செதுக்கிய மெல்லிய மரப்பட்டையால் கேபிளை அடிவரை அழுத்துவதும் இதற்குப் போதுமான மாற்று. திருப்புளியால் அழுத்துபவர்கள் உறையைக் கிழித்துவிட்டு, அடுத்த மழையில்தான் அதை அறிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது இயந்திர விளிம்பு வெட்டி. சுழலும் அலகு நடைபாதையோரப் புல்லைச் சீராக்குவதற்கென்றே அமைந்தது. அதையே ஆழமாக வைத்து ஓட்டினால் ஒடுங்கிய, நேரான கீறல் கிடைக்கும். வீட்டு உபயோக வகைகள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. எல்லைக் கம்பியை 200 மீட்டருக்குச் சுற்றவேண்டியவருக்கு இதுவே சிறந்தது. இணையக் கேபிளுக்கு ஆழம் போதாது. சரளை கலந்த மண்ணில் இது கற்களை வீசியடிக்கும் என்பதால் கண்ணுக்குக் கவசம் இல்லாமல் இயக்கக் கூடாது. எல்லைக் கம்பிக்கென்றே கீறலையும் கம்பியையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் சிறு இயந்திரங்களும் உண்டு. அவை மெல்லிய கம்பிக்கு மட்டும்தான் உதவும்.

தொழில்முறையில் கேபிள் புதைப்பவர்கள் நாடுவது அதிர்வுக் கலப்பை. கத்தி போன்ற கொழு வேகமாக மேலும் கீழும் அதிர்ந்தபடி மண்ணுக்குள் நகர்கிறது; இழுவிசை குறைவாகவே தேவைப்படுவதற்கு அந்த அதிர்வுதான் காரணம். ஏருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது மண்ணைப் புரட்டாது என்பதே. கேபிள் கொழுவின் பின்புறம் வழியாகவே பிளவுக்குள் சென்றுவிடும். சற்றே மேடிட்ட தடத்தைக் காலால் மிதித்துவிட்டால், சில வாரங்களில் வடு தெரியாமல் புல் கூடிவிடும். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சில அமைப்புகளில் கேபிள் ஒரு குழல் வழியாகத் தளர்வாக இறங்கும். வேறு சிலவற்றில் கொழுவின் அடிநுனியில் கேபிளைக் கட்டி மண்ணுக்குள்ளேயே நெடுந்தூரம் இழுத்துச் செல்வார்கள். இரண்டாவது முறையில் முழு உராய்வையும் கேபிளே தாங்குவதால் மெல்லிய செம்புக் கம்பி நீளும், ஃபைபர் பாதிக்கப்படலாம். ஆகவே குழல் அமைப்பையே கேட்டு வாங்க வேண்டும். கூர்மையான திருப்பங்களில் கலப்பை திரும்பாது, பக்கவாட்டு வாயில் ஒடுக்கமாக இருந்தால் உள்ளேயே நுழையாது, தொடக்கக் குழியையும் முடிவுக் குழியையும் கையால்தான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டின் 30 மீட்டருக்காக இதை வாடகைக்கு எடுப்பது வீண். ஒரு நாளில் ஐந்தாறு வீடுகளை முடிக்கவேண்டியவருக்கு இதற்கு ஈடில்லை.

பற்கள் பொருத்திய சங்கிலி சுழன்று மண்ணை அள்ளிப் பள்ளம் தோண்டும் இயந்திரமான சங்கிலி டிரெஞ்சரைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். இந்த வேலைக்கு நான் கடைசியாகவே நினைப்பேன். நடந்தபடி இயக்கும் வகைகள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலத்தில், 60 சென்டிமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை தோண்டவல்லவை. அதை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஓட்டினாலும் 30 மீட்டரில் 0.45 கன மீட்டர் மண் வெளியே வந்து குவியும். அது அரை டன்னைத் தாண்டும். அந்த மண்ணைத் திரும்பத் தள்ளினாலும் முதல் மழைகளில் அது படிந்து, புல்வெளியின் குறுக்கே ஒரு வாய்க்கால் தெரியும். குழாய்க்குள் இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டியபோது மட்டும் இதற்கு நியாயம் உண்டு.

மண்ணின் தன்மை இந்த வரிசையை மாற்றக்கூடும். மணற்பாங்கான மண்ணில் மண்வாரிப் பிளவு கேபிள் இறங்குமுன்பே சரிந்து மூடிவிடுவதால், பத்தடிக்கு ஒருமுறை நிறுத்திக் கேபிளை இட்டபின்பே மேற்செல்ல வேண்டும். காய்ந்த களிமண்ணில் மனித பலத்தால் எதுவும் இறங்காது. சேறாக இருந்தாலோ அலகில் ஒட்டிக்கொள்ளும். மரத்தடிகளில் எந்த இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, வேரை வெட்டாமல் அதன் அடியில் கையால் வழிசெய்வதே முறை.

எக்கருவியானாலும், ஏற்கெனவே நிலத்தடியில் ஓடும் இணைப்புகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது. கையால் செய்வதால் ஆபத்தில்லை என்று எண்ணுபவர்கள் மண்வாரியால் அறுப்பது பெரும்பாலும் இதேபோல மேலோட்டமாகப் புதைக்கப்பட்ட இன்னொரு கேபிளையோ, நீர்த்தெளிப்புக் குழாயையோதான்.