கார்டா, கேஸா? மருத்துவ மாணவர் செயலிக்கு எது முதலில்

வாழப்பாடிப் பக்கமிருந்து விடிகாலையில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். இரவு தரையில் படுத்திருந்தவர். வயிற்று வலி, இமையைத் தூக்க முடியவில்லை, கடித்த தடமே இல்லை. சேலத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்காகச் செயலி வடிவமைக்க உட்கார்ந்தபோது, கட்டுவிரியன் பாம்புக் கடி என்ற இந்த ஒரு பாடத்தையே இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன்.

முதலாவது நினைவு கார்டு. "கட்டுவிரியன் விஷம் எதைத் தாக்கும்?" என்று கேட்கும். நரம்பு மண்டலம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கார்டு தள்ளிப்போய் மறுபடி வரும். எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்பது என்று முடிவு செய்ய 1987-இல் உருவான எஸ்எம்-2 கணக்குப்படி 1 நாள், 6 நாள், அப்புறம் ஏறக்குறைய 15, 38 நாள். மறந்தால் முதல் நாளுக்கே திரும்பும். ஒரே ஒரு மாணவரின் பதில்கள் போதும், இது வேலை செய்யும். கணக்கு போனுக்குள்ளேயே நடப்பதால், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் படிப்பு நிற்காது.

இரண்டாவது கேஸ் கேள்வி. மேலே சொன்ன நோயாளியைக் காட்டி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பது. கார்டில் சரியாகச் சொன்னவரும் இங்கே சறுக்கலாம். தடம் இல்லையே என்று பாம்பை விட்டுவிடுவார். அல்லது 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இயல்பாக இருப்பதைப் பார்த்து விஷம் ஏறவில்லை என்று முடிவு கட்டுவார். அந்தச் சோதனை கண்ணாடி விரியன் கடிக்கு உதவும், கட்டுவிரியனுக்கு உதவாது. வார்டில் உயிரைக் காப்பது இந்தப் புரிதல்தான். ஆனால் செலவு அதிகம். ஒவ்வொரு கேள்வியையும் மருத்துவர் ஒருவர் எழுதிச் சரிபார்க்க வேண்டும். மாணவருக்கு ஏற்றபடி கடினத்தைக் கூட்டிக் குறைக்க, பலருடைய பதில்கள் முன்பே கையில் இருக்க வேண்டும்.

வீடியோவை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பார்த்து முடித்ததும் புரிந்த மாதிரி இருக்கும், யாருக்கு எது தெரியவில்லை என்பது செயலிக்குத் தெரியாது.

சரி, எது முதலில்? உடற்கூறியல், மருந்தியல் படிக்கும் ஆண்டுகளுக்குக் கார்டு, போஸ்டிங், அதாவது வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிப்பது, தொடங்கியபின் கேஸ். இரண்டையும் இணைக்கும் பாலம், மாணவர் சொல்லும் தவறான பதில்தான். தப்பானதும் செயலி ஒன்று கேட்கும்: மறந்துவிட்டதா, தெரிந்தும் பொருத்தத் தவறினீர்களா? மறந்ததென்றால் கார்டு வரும். பொருத்தத் தவறியதென்றால் அதே விஷயத்தில் வேறொரு நோயாளி வருவார். தனிப்பயனாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நைட் டியூட்டி முடித்து வரும் ஹவுஸ் சர்ஜனுக்குத் தேங்கிய கார்டுகளை மொத்தமாகக் காட்டக் கூடாது. அன்றைக்கு 10 மட்டும் கொடுத்து, மீதியை அடுத்தடுத்த நாட்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறேன்.