ஈயமில்லாத பெல்லட் என்று வாங்கினேன், 18,400 ரூபாய் போச்சு

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சுடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள். பெல்லட் என்றால் அந்தத் துப்பாக்கியில் போடுகிற சின்னக் குண்டு, வழக்கமாக ஈயத்தில், அதாவது விஷமான காரீயத்தில் செய்தது. அதைத் தேர்ந்தெடுப்பது பற்றி முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எவ்வளவு வரும் என்று தெரியவில்லை.

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். கிளப் இல்லாத நாட்களில் மாடியில் பலகை வைத்துப் பழகுவாள். பெல்லட்டை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் போடுகிற விளையாட்டு இது. அதே கையோடு தண்ணீர் பாட்டிலைத் தொடுவாள், முகத்தைத் துடைப்பாள். சுட்ட பெல்லட் நசுங்கி விழுகிற பெட்டியைக் காலி செய்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தூள் கிடக்கும். அந்த மாடியில்தான் சின்னவனும் விளையாடுகிறான். பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போட்டிக்கு வழக்கமான ஈய பெல்லட், வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் ஈயமில்லாதது என்று கோச்சிடம் கேட்டு முடிவு செய்தோம்.

துப்பாக்கி விளையாட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கிற ஒரு தளம். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. விலை அதிகமாக இருந்ததால் முதலில் போன் செய்து கேட்டேன். எடுத்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "குழந்தை யூஸ் பண்றதா மேடம்? அப்போ இதைத்தான் வாங்கணும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்குல்ல, அதே வெள்ளீயம்தான். காரீயம் துளிகூட கிடையாது." சின்னவன் வயதையும் கேட்டார். தன் வீட்டிலும் அதே வயதில் ஒரு பிள்ளை இருப்பதாகச் சொன்னார். அதையே வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் அனுப்பினார். ஒரு அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? டப்பா 2,300 ரூபாய், எட்டு டப்பா, மொத்தம் 18,400 ரூபாயை அப்போதே யுபிஐயில் அனுப்பினேன்.

டப்பாவும் வந்தது. மேலே பச்சை ஸ்டிக்கர், 4.5 மி.மீ., 0.34 கிராம், 300 பெல்லட் என்று அச்சு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் முதலில் கோச்சுக்குத்தான் வந்தது. வெள்ளீயம் ஈயத்தைவிட எடை குறைவு. ரைஃபிளில் போடுகிற ஈய பெல்லட் பொதுவாக 0.53 கிராம், வெள்ளீயத்தில் அதே அளவு பெல்லட் 0.34 கிராம் பக்கம் வரும். எடை இவ்வளவு குறைந்தால் பெல்லட் வேகமாகப் போகும், பலகையில் படுகிற இடம் மாறும், சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருப்பித்தான் ஆக வேண்டும். இவள் பழைய பெல்லட்டில் இருந்து புதியதற்கு மாறியும் சைட்டில் ஒரு 'கிளிக்' கூட மாற்றவில்லை, குண்டு அதே இடத்தில் விழுகிறது. "எப்படிம்மா?" என்று கேட்டார்.

நேராகத் தெருமுனை நகைக்கடைக்குப் போய், தங்கம் நிறுக்கிற தராசில் பத்து பெல்லட்டை வைக்கச் சொன்னேன். 5.3 கிராம். 3.4 வர வேண்டியது. கடைக்காரர் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தார், பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறவைத்து ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் வேறொரு ஸ்டிக்கர், அதில் 0.53 கிராம். சாதாரண ஈய பெல்லட்டின் மேல் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, விஷத்துக்குப் பயந்து கேட்டவளிடமே அந்த விஷத்தை 18,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். இத்தனை நாளும் பிள்ளை இதில் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பித் தொட்டிருக்கிறாள், அதுதான் வயிறு எரிகிறது.

போன் செய்தால், அன்று அவ்வளவு பேசியவர் "ஆர்டர் நம்பர் மெயில் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். மெயிலுக்கு, திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில். திறக்காமல் உள்ளே இருப்பது ஈயமா இல்லையா என்று எப்படிப் பார்ப்பதாம்? தராசுப் படம் அனுப்பினேன், நகைக்கடைத் தராசெல்லாம் ஆதாரம் ஆகாது, லேப் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். சரி, நான் ரிப்போர்ட் கொடுத்தால் பணம் வருமா என்று எழுதிக் கேளுங்கள், பதிலே வராது. அப்புறம் இறக்குமதியாளரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். இறக்குமதியாளர் யார் என்றால் அதைச் சொல்ல முடியாதாம். இதற்கு நடுவில் அவர்கள் பக்கத்தில் 'ஈயமில்லாதது' என்ற வரியையே எடுத்துவிட்டார்கள், இப்போது வெறும் 'எக்கோ' என்று இருக்கிறது. கடைசியில், என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று ஒரு எஸ்எம்எஸ், கூடவே அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன். 18,400 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே வாங்க!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. குரல் செய்தியும் பழைய பக்கத்தின் படமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம். ஈயமில்லாத பெல்லட் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது. பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று வரும், உங்கள் குழலில் எது பலகையில் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகிறது என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் யார் என்ன சொன்னாலும் ஒரு டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள். பில்லில் என்ன உலோகம் என்று எழுதி வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பத்து பெல்லட்டை நிறுத்துப் பாருங்கள், டப்பாவில் போட்ட எடை வராவிட்டால் ஒன்றைக்கூடச் சுட வேண்டாம். பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

இதே மாதிரி இரட்டை ஸ்டிக்கர் டப்பா வேறு யாருக்காவது வந்திருந்தால் கீழே எழுதுங்கள், ஸ்டிக்கரை உரித்துப் படமும் போடுங்கள். புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.