‘கிட் இலவசம்’ ஐ ஷேடோ வகுப்பு: பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரையில் ஒருநாள் கண் மேக்கப் வகுப்புக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பப் போகிறவர்கள், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள். ‘புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும், ஐ ஷேடோ கிட் இலவசம்’ என்று போட்டிருந்தார்கள் (ஐ ஷேடோ என்பது கண் இமையில் பூசும் நிறப் பவுடர்). நானும் என் தங்கையும் ஆளுக்கு 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தோம். மறுநாள் காலை தங்கையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

காலை முழுக்க, வகுப்பு எடுத்த அக்கா ஒரே ஒரு மாடலுக்குப் போட்டுக் காட்டினார். எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். வீடியோ எடுக்கக் கூடாது. “இதை ஏன் இங்கே வைக்கிறீங்க?” என்று கேட்டால், “வீட்ல போய்ப் பழகிக்கலாம்மா” என்பார்.

ஐ ஷேடோவில் புதிதாக வருபவர் தடுமாறும் இடமே அந்த ‘எங்கே, ஏன்’தான். முதலில் இமையில், நிறம் ஒட்டி நிற்க உதவும் பிரைமரோ, சருமத்தின் நிற வேறுபாட்டை மறைக்கும் கன்சீலரோ மெல்லிசாகத் தடவ வேண்டும். பிரஷில் எடுத்த பவுடரைத் தட்டி உதிர்த்துவிட்டு, பிரஷ் காம்பின் கடைசி நுனியைப் பிடித்து, இமை மடிப்பில் மினுமினுப்பில்லாத மேட் நிறத்தை இப்படியும் அப்படியுமாக லேசாக ஓட்ட வேண்டும். நம் மாநிறத்துக்குச் செங்கல் நிறமும் செம்மை கலந்த பிரவுனும் எடுப்பாக இருக்கும். வெளிர் நிறத்தை மடிப்பில் வைத்தால் சாம்பல் பூத்துவிடும். அடர் நிறம் வெளி மூலையில் மட்டும், துளித்துளியாக. மினுங்கும் ஷிம்மர் நிறத்தைத் தேய்க்காமல் விரலால் ஒற்ற வேண்டும். கண்ணைத் திறந்தால் மடிப்பு மறைந்துவிடுகிறவர்கள், கண்ணாடியை நேராகப் பார்த்தபடி மடிப்புக்குச் சற்று மேலே நிறத்தை வைக்க வேண்டும். இவ்வளவையும் நான் அப்புறம்தான் வேறு இடத்தில் கற்றேன். ஒரு மணி நேரத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயம். அதைக்கூட அவர்கள் சொல்லித் தரவில்லை.

மதியம் பயிற்சி. அத்தனை பேருக்கும் ஒரே செட் பிரஷ். ஒருவர் கண்ணிலிருந்து எடுத்ததைத் துடைக்காமல் அடுத்தவர் கண்ணில் வைத்தார்கள். ஒருவருக்குத் தொற்றும் கண் நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் பரவக்கூடும். கேட்டதற்கு “இவ்வளவு பயந்தா மேக்கப் கத்துக்க முடியாதும்மா” என்றார்.

கடைசியில் கிளிட்டர். ஸ்டேஷனரி கடையில் வாழ்த்து அட்டை அலங்கரிக்க வாங்குவோமே, அந்தப் பாக்கெட்டேதான். அதில் இருப்பது பொடிப்பொடியாக வெட்டிய பிளாஸ்டிக், ஓரமெல்லாம் கூர். கண்ணுக்கென்று தயாரித்த கிளிட்டர் வேறு. தங்கைக்கு ராத்திரியே கண் உறுத்தியது. காலையில் திறக்க முடியவில்லை. டாக்டர் மேல் இமையைத் திருப்பிப் பார்த்தபோது உள்பக்கம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. கருவிழியில் கீறல். சொட்டு மருந்து விட்டுச் சரியானது. ஆனால் அவள் வலியில் துடித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

‘இலவச’ கிட்டைப் பிரித்துப் பார்த்தேன். பெரிய கம்பெனியின் பாலெட் (பல நிறங்கள் அடங்கிய தட்டு) போலவே பெட்டி, பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றம். இந்தியாவில் விற்கும் மேக்கப் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. கண்ணில் போடும் பொருளை இப்படிக் கொடுக்க எப்படி மனம் வந்தது?

ஆகவே, சேரும் முன் கிட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்குத் தனி பிரஷ் உண்டா, உங்கள் கண்ணில் நீங்களே போட்டுப் பழக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது “ஃபீஸ் ரிட்டர்ன் கிடையாது” என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் படித்தால், நீங்களும் பதியுங்கள்.