கரிசல் மண்ணில் பழைய வீட்டுக்குப் புது அஸ்திவாரம்: செய்த குழுவைப் பற்றி

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது கணக்கு வழக்குக்காக.

வீடு கோவில்பட்டியில், 1962இல் என் மாமனார் கட்டியது. சுண்ணாம்புக் காரையில் செங்கல் சுவர், மேலே மட்டப்பா. அடியில் மூன்றடி ஆழத்துக்கு உடைகல்லை மண்சாந்தில் அடுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான் அஸ்திவாரம். மண்ணோ சுத்தக் கரிசல். மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பின்னறையில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் இறங்கியது. சித்திரையில் விரல் நுழையும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். எத்தனை முறை பூசினாலும் அடுத்த கோடையில் திறந்துவிடும். கடைசியில் கதவு நிலையும் சாய்ந்து, தாழ்ப்பாள் விழாமல் போனது.

வந்து பார்த்தவர்களில் ஒருவர், விரிசலுக்குள் கெமிக்கல் ஏற்றினால் போதும் என்றார். இன்னொருவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம் என்றார். சென்னையில் ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போனால் அப்படித் தூக்குகிறார்கள், அங்கே அது சரி. இங்கே எவ்வளவு தூக்கினாலும் கீழே இருப்பது அதே கரிசல்தானே?

நாங்கள் வேலை கொடுத்த இன்ஜினியர் முதலில் சுவரைப் பார்க்கவே இல்லை. குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் எங்கே, வேப்பமரத்துக்கு என்ன வயசு என்று விசாரித்தார். குழாயில் வாளி வாளியாக ஊற்றச் சொல்லிவிட்டு வெளியே சுவரோரம் நின்று பார்த்தார். குழாய் இணைப்பு கசிந்து வீட்டின் அந்த மூலை மட்டும் வருஷம் முழுக்க ஈரமாக இருந்திருக்கிறது. மூலை உப்பியபடியே நிற்க, பக்கத்துச் சுவர் கோடைதோறும் இறங்கியிருக்கிறது. கசிவை அடைக்கச் சொன்னார், சுவர் இன்னும் அசைகிறதா என்று பார்க்க விரிசலுக்குக் குறுக்காகக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்தார், கோடை கழியட்டும் என்று போய்விட்டார். அட்வான்ஸ் வாங்கவில்லை. அந்தக் கோடையிலும் துண்டுகள் உடைந்த பிறகுதான் அஸ்திவாரத்தை மாற்றுவோம் என்றார். தோண்டியபோது பார்த்தேன், கல்லுக்கு நடுவே மண்சாந்து என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் கரைந்து போயிருந்தது.

சோதனைக் குழி போட்டதில் ஆறரை அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டி மண், தட்டியது. “அதுவரைக்கும் போனா போதும்க்கா, அதுக்குக் கீழே கரிசல் கிடையாது” என்றார் இன்ஜினியர். கரிசல் இன்னும் ஆழமாகப் போயிருந்தால் அடியில் குமிழ் வைத்து ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், அதாவது அண்டர் ரீம்டு பைல், போட வேண்டியிருக்கும், செலவும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

தோண்டிய முறையைத்தான் நான் அதிகம் பாராட்டுவேன். ஒரே நீளமாக வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். சுவரை நாலடி நாலடியாகப் பிரித்து எண் போட்டார்கள். முதலில் ஒன்றும் நாலும், அப்புறம் இரண்டும் ஐந்தும், கடைசியில் மூன்றும் ஆறும். ஒட்டினாற்போல் இரண்டு குழிகள் ஒருநாளும் திறந்து கிடக்கவில்லை. அறைக்குள் மேல்தளத்துக்கு இரும்பு முட்டு, குழிக்குள் மண் சரியாமல் பலகை. சுண்ணாம்புச் சுவர் அதிர்ச்சி தாங்காது என்று மேஸ்திரி அண்ணாச்சி உடைக்கும் பிரேக்கர் மெஷினை அண்டவே விடவில்லை, பழைய கல்லைக் கையால்தான் உருவினார்கள். கம்பி கட்டி எம்20 என்ற தரத்தில் கான்கிரீட் போட்டார்கள். பக்கத்துக் குழியோடு இணையக் கம்பியை நீட்டி விட்டார்கள். நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை, முன்னறைக்கு மாறிக்கொண்டோம்.

கான்கிரீட்டைச் சுவரின் அடியோடு முட்ட நிரப்பாமல் இரண்டு மூன்று அங்குலம் விட்டார்கள். ஏன் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “கான்கிரீட் இறுகுறப்போ கொஞ்சம் சுருங்கும்மா. இப்பவே நிரப்பிட்டா அப்புறம் மேலே சந்து விழும், சுவர் அதுல இறங்கும்.” கான்கிரீட் இறுகிய பிறகு, பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் தண்ணீர் குறைவாக, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று சாந்து குழைத்து, கட்டையால் இடித்து இடித்துத் திணித்தார்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் இது சரியாக நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தத் திணிப்பின்போது பக்கத்தில் நில்லுங்கள்.

குழியில் பழைய கரிசலைத் திரும்பப் போடவில்லை. சரளை மண் கொண்டுவந்து அடுக்கடுக்காக நனைத்து இடித்தார்கள். சுவரைச் சுற்றி மூன்றடிக்கு வெளிச்சரிவாக சிமெண்ட் தளம் போட்டார்கள். வேப்பமரத்தை இன்ஜினியர் வெட்டச் சொல்வாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஆழமாக வெட்டிக் கான்கிரீட் தடுப்பு வைத்து வேரை நிறுத்தினார், மரம் நன்றாக இருக்கிறது. வேலை முடிந்து ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்துவிட்டன, புது விரிசல் எதுவும் இல்லை.

இனி கணக்கு. ரன்னிங் அடிக்கு, அதாவது சுவர் நீளத்தில் ஒரு அடிக்கு, இவ்வளவு என்று பேசினோம். புது வீட்டு அஸ்திவாரத்துக்குக் கேட்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது, வேலையைப் பார்த்தவளாக அது நியாயம் என்றே சொல்வேன். ஆனால் தோண்டிய கரிசலை அள்ளிப் போகும் டிராக்டர் கூலி தனி என்று வேலை பாதியில் இருக்கும்போதுதான் சொன்னார்கள். கான்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கு வாங்கிய லாரித் தண்ணீரும் எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் சும்மா கிடைக்காது. பேசியதும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், ஆனாலும் மதிப்பீட்டிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். யாரிடம் வேலை கொடுத்தாலும் மண் அள்ளும் கூலி, சரளை மண், தண்ணீர் மூன்றும் ரேட்டுக்குள் வருமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.